பொட்டு வச்ச லேப்டாப்: பழைய திங்க்பேட் டி480-உடன் ஒன்றரை வருடம்

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பொண்ணுக்கு யாராவது பழைய லேப்டாப் வாங்கித் தருவாங்களா மச்சான்?" என்று நெய்வேலி மாமா கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார். மாமாவின் போனில் ஒரு கேமிங் லேப்டாப். கீபோர்டு முழுக்கத் திருவிழா சீரியல் லைட். எழுபதாயிரத்துச் சொச்சம், மாதத் தவணை. அப்பா கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரத்தில்) ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். வட்டி என்று காதில் விழுந்தாலே அவர் பேனா நின்றுவிடும். அதனால் பழையதே போதும் என்று சொல்கிற என் வேலை சுலபமானது.

2024 ஜூலையில், புதுச்சேரி காமராஜ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிக்கடையில் 21,500 ரூபாய்க்கு ஒரு பழைய லெனோவோ திங்க்பேட் டி480 வாங்கினேன். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். மாடல் 2018இல் வந்தது. எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், நாலு கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஏதோ ஒரு ஆபிசில் ஐந்தாறு வருடம் உழைத்துவிட்டு, மொத்தமாகக் கழித்துக்கட்டிய லாட்டில் வந்தது. மூடியில் ஆபிஸ் ஸ்டிக்கரைக் கிழித்த பசை இருந்தது. அம்மா தேங்காயெண்ணெய் வைத்துத் துடைத்தார், போய்விட்டது.

கடைக்குப் போகும் முன் சீனியர் அண்ணா இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்று, டி470-க்கும் டி480-க்கும் வெளியிலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். டி470 ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் கீழே. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எட்டிலிருந்துதான் ஏறும். (விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்துவிட்டது.) இரண்டு, ஆன் ஆகும்போதே பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் இருக்கிற அடிப்படை செட்டிங் திரை) போய், அங்கே ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்ற விடுகிறதா என்று பார். பழைய ஆபிஸ்காரன் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போயிருந்தால், பூட்டிய வீட்டைச் சாவியில்லாமல் வாங்கின கதைதான். இரண்டையும் பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்றாவதாக ஒன்றை அவர் சொல்லவில்லை. அதில்தான் மாட்டினேன்.

இந்த மாடலில் இரண்டு பேட்டரி. உள்ளே ஒன்று, 24 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற அளவு). பின்னால் தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்று வருகிற இன்னொன்று. என்னுடையதில் அதுவும் 24தான். இதைவிடப் பெரியதும் கிடைக்கும். பின்னால் இருப்பது தீர்ந்துவிட்டால் லேப்டாப்பை அணைக்காமலே கழற்றி வேறொன்றை மாட்டலாம். அந்த இடைவெளியில் உள்ளே இருப்பது தாங்கிக்கொள்ளும். கடைக்காரர் பின் பேட்டரியைத் தட்டிக் காட்டி "புதுசு போட்டிருக்கேம்மா" என்றார். ஸ்டிக்கர் பளபளத்தது.

மறுநாள் பாண்டியில் இருக்கிற கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பாதி காலி. அன்றைக்கு இரவு கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். விண்டோஸிலேயே இருப்பதுதான், தனியாக எதுவும் போட வேண்டாம். அதில் பேட்டரி பிறந்தபோது எவ்வளவு பிடிக்கும், இப்போது எவ்வளவு பிடிக்கிறது, எத்தனை முறை சார்ஜ் சுற்று முடிந்தது என்று எல்லாம் வரும். என் 'புதுசு' பேட்டரி 24-க்கு 9 பிடித்தது. சுற்று எழுநூற்றுச் சொச்சம்.

அந்த ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போனேன். "அதெல்லாம் சாஃப்ட்வேர் காட்டுறதும்மா, நம்பக்கூடாது" என்றார். இரண்டாம் முறை போனபோது அண்ணன் வெளியே போயிருக்கிறார் என்று பையன் சொன்னான். உள்ளே அண்ணன் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. மூன்றாம் முறை சனிக்கிழமை சாயங்காலம், கடையில் நாலைந்து பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். ஷோகேஸில் ஆன் செய்து வைத்திருந்த இன்னொரு லேப்டாப்பைக் காட்டி, "அண்ணா, இதுலயும் ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பாக்கட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் "என்ன ரிப்போர்ட்டு?" என்றார். ஐந்தே நிமிடத்தில் வேறு பேட்டரி கைக்கு வந்தது. அங்கேயே போட்டுப் பார்த்தேன்: 24-க்கு 23. ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார், கெட்ட மனிதர் இல்லை.

சரி, லேப்டாப்புக்கு வருகிறேன்.

ஓ.டி.யிலிருந்து டவுன் பஸ்ஸில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து பாண்டி பஸ். கிளம்புகிற இடமே அதுதான் என்பதால் சீட் கிடைக்கும். பெண்ணையாறு, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். போக ஒன்று, வர ஒன்று. வருகிறபோது புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு முந்தின மதுக்கடை ஸ்டாப்புகளில் ஏறுகிறவர்கள் சிலர் பாடிக்கொண்டே ஏறுவார்கள் என்பதால், உருப்படியான வேலை காலையில்தான்.

ஓடுகிற பஸ்ஸில் டச்பேடில் விரல் வைத்துப் பாருங்கள். ஒரு குழியில் இறங்கி ஏறினால் கர்சர் எங்கோ போய் எதையோ அழுத்தியிருக்கும். திங்க்பேடில் ஜி, ஹெச், பி மூன்று எழுத்துக்கும் நடுவே சிவப்பாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. பெயர் டிராக்பாயிண்ட். 1992இல் ஐபிஎம் முதல் திங்க்பேடை விட்ட காலத்திலிருந்தே இருக்கிறது. 2005இல் லெனோவோ கைக்கு மாறிய பிறகும் எடுக்கவில்லை. என் கிளாஸில் இதற்குப் பெயர் 'பொட்டு வச்ச லேப்டாப்'. ஆள்காட்டி விரலைப் பொட்டின் மேல் வைத்து லேசாகச் சாய்த்தால் கர்சர் அந்தப் பக்கம் நகரும். விரல் இடத்தைவிட்டு எழுவதே இல்லை, அதனால் பஸ் குலுங்கினாலும் கர்சர் குலுங்காது. முதல் வாரம் எரிச்சலாக வந்தது. இப்போது லேபில் சாதாரண கீபோர்டிலும் ஜி-க்கும் ஹெச்-சுக்கும் நடுவில் விரல் தானாகத் தடவுகிறது.

கீபோர்டைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். அழுத்தினால் இறங்குகிறது, இறங்கியது விரலுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் வேண்டும். தமிழ்99 கீபோர்டு முறையில்தான் அடிக்கிறேன். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் போட்டுவைத்திருக்கிறேன், இதை எழுதுவது அதில்தான்.

எங்கள் கல்லூரி லேபில் முதல் வருடம் முழுக்க நீலத்திரை டர்போ சி++ (சி மொழியில் புரோகிராம் எழுதி ஓட்டுகிற பழைய டாஸ் மென்பொருள்). 1990இல் வந்த சாமான். நான் பிறக்கப் பதினைந்து வருடம் முன்பு. வீட்டில் எழுதியது அங்கே ஓடாது, அங்கே எழுதியது வீட்டில் ஓடாது, ஏனென்றால் வீட்டில் சி புரோகிராமை ஓடவைக்கிற ஜிசிசி-க்கு, டர்போவோடு வருகிற கோனியோ ஃபைல் என்றால் யாரென்றே தெரியாது. பழைய டாஸ் மென்பொருள்களை ஓடவைக்கிற டாஸ்பாக்ஸ் போட்டு அதையும் இதற்குள் அடக்கிவிட்டேன். ரெக்கார்டு நோட்டில் புரோகிராமைக் கையால் எழுதி, அவுட்புட்டை பிரிண்ட் எடுத்து ஒட்டுகிறோம். எழுபதாயிரம் ரூபாய் லேப்டாப் வைத்திருப்பவனும் அதையேதான் ஒட்டுகிறான். மெஷின் லேர்னிங் பேப்பர் வந்தபோது எல்லோரும் கிராபிக்ஸ் கார்டு பற்றிப் பேசினார்கள். எங்கள் சிலபஸ் அளவுக்குக் இணையம் வழியாகக் கூகுளின் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓட்டுகிற கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைப்பதே போதும் என்பது என் கட்சி. கேம் ஆடத்தான் வேண்டும் என்றால் அதை அப்பாவிடம் நேராகச் சொல்லிவிடலாம், படிப்பின் தலையில் கட்ட வேண்டாம்.

8 ஜிபி ராம் மட்டும் உண்மையிலேயே பத்தவில்லை. ஆண்ட்ராய்டு எமுலேட்டரை (லேப்டாப்புக்குள் ஓடுகிற பொய்ப் போன்) திறந்தால் மவுஸ் கூட மூச்சுவிட யோசிக்கும். அடிமூடியில் எல்லாமே ஸ்டார் ஸ்க்ரூ; அம்மாவின் தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவர் தட்டை வாய், ஆகாது. பக்கத்து சைக்கிள் கடையில் இரவல் வாங்கினேன். பயாஸில் உள் பேட்டரியை முதலில் முடக்கிவிட வேண்டும். திருகுகளைத் தளர்த்தினால் போதும், அவை மூடியிலேயே நிற்கும். தொலைந்து தேடுகிற வேலை இல்லை. காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினால் டிக் டிக்கென்று விட்டுக்கொடுக்கும். உள்ளே ஒரு ராம் ஸ்லாட் காலியாக இருந்தது. செகண்ட் ஹேண்டில் இன்னொரு 8 ஜிபி வாங்கி, சாய்த்துச் செருகி, அமுக்கினேன். திரையில் 16 என்று வந்தபோது அப்பா எட்டிப் பார்த்து, "நீயே பண்ணியா?" என்றார். புது மாடல்கள் பலவற்றில் ராம் போர்டோடு சால்டர் செய்திருக்கிறது, மாற்ற முடியாது. 21,500-இல் எனக்குப் பிடித்த காசு இந்த மூடியைத் திறக்க முடிவதற்குக் கொடுத்ததுதான்.

துறைமுகத்துப் பக்கம் வீடு என்பதால் உப்புக்காற்று வேறு. மூடியைத் திறந்த அன்று ஃபேனுக்குள் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. அதையும் பிரஷ்ஷால் எடுத்தேன், சத்தம் பாதியானது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. மறுநாள் அங்கே நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை என்றார்கள். எங்கள் தெருவில் கரன்ட் போனது போனதுதான். அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வருகிறது என்ற செய்தி. எல்லோர் கையிலும் போன், எந்தப் போனிலும் சார்ஜ் இல்லை. என் லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி போர்ட், லேப்டாப் அணைந்திருந்தாலும் கரன்ட் கொடுக்கும். கணக்குப் போட்டேன்: இரண்டு பேட்டரியும் சேர்ந்து சுமார் 38 வாட்-அவர், ஒரு போனை முழுசாக ஏற்ற கிட்டத்தட்ட 19. ஆக இரண்டு போன்தான் நிரம்பும். வந்திருந்தது ஒன்பது போன்.

அந்த செமஸ்டரில்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர். ரவுண்ட் ராபின் போட்டேன்: ஆளுக்குப் பத்து நிமிடம், அப்புறம் வரிசையில் கடைசி. இரண்டு சுற்று ஒழுங்காக ஓடியது. மூன்றாம் சுற்றில் எதிர்வீட்டு ஆயா தன் பட்டன் போனோடு வந்து, "எம்புள்ள துபாய்லேர்ந்து பேசுவான்டி" என்று ஓடிக்கொண்டிருந்த போனைத் தானே பிடுங்கிவிட்டுத் தன்னுடையதைச் செருகினார். அதற்கும் பாடத்தில் பெயர் உண்டு, பிரியாரிட்டி ஷெட்யூலிங். பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது, நன்றாகவே எழுதினேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. திரையின் வெளிச்சம் 250 நிட்ஸ்தான். பஸ்ஸில் வெயில் பக்கம் உட்கார்ந்தால் என் முகம்தான் தெரியும், எழுதுகிற புரோகிராம் தெரியாது. போகும்போது இடது பக்க சீட் பிடித்துக்கொள்கிறேன். பெரிய எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது, லேன் வயர் செருகவும் இடமிருக்கிறது, ஆனால் எங்கள் செமினார் ஹால் புரொஜெக்டர் பழைய விஜிஏ வயரை விட்டு இறங்கி வராது. அதற்கு 250 ரூபாய் கன்வெர்ட்டர் தனி. கேமரா 720பி. இன்டர்ன்ஷிப் நேர்காணலில் மாவுச் சல்லடை வழியாகப் பார்க்கிற மாதிரித்தான் தெரிந்திருப்பேன். (கிடைத்துவிட்டது.) புது லேப்டாப்புகளோடு பார்த்தால் கனமும் கூட; டிபன்பாக்ஸ், ரெக்கார்டு நோட்டு, இது மூன்றும் சேர்ந்தால் வலது தோள் இறங்கிவிடுகிறது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். குறைத்த ஒன்றில் பாதி திரைக்கு, பாதி கேமராவுக்கு. பேட்டரி விவகாரத்துக்கு லேப்டாப்பிடம் மார்க் குறைப்பது நியாயமில்லை. கடைக்கு மூன்று. டீ இல்லையென்றால் இரண்டு.

இப்போது உள் பேட்டரி 11-க்கு வந்துவிட்டது, மாற்ற வேண்டும். பொட்டின் ரப்பரும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. அது தனியாகவே பாக்கெட்டில் கிடைக்கிறது, வாங்கி வைத்தாயிற்று. சைக்கிள் கடைக்காரர்தான் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.