பழைய காரின் பவர் ஸ்டீயரிங்: பழி எல்லாம் பம்ப் மீது

17 ஆண்டுகளாக ஒரே காரை ஓட்டி வருகிறேன். 1,90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இதில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இப்போது வரும் கார்களில் பெரும்பாலும் மின்மோட்டார்தான் இந்த வேலையைச் செய்வதால், பெல்ட், பம்ப், ஹோஸ், ஆயில் டப்பா என்ற இந்தப் பழைய குடும்பத்தைப் பற்றிப் பொறுமையாக யோசிப்பவர்கள் குறைந்து வருகிறார்கள். கடந்த 4 ஆண்டுகளில் இந்த ஸ்டீயரிங் எனக்கு மூன்று முறை தொல்லை கொடுத்தது. மூன்றுக்கும் பம்ப் காரணமில்லை. ஆனால் முதல் முறையே நான் பம்பை மாற்றிவிட்டேன்.

தொடக்கம் ஒரு முனகல். காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் கேட்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கூடும். பத்து நிமிடம் ஓட்டினால் அடங்கிவிடும். மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பம்ப் போயிடுச்சு சார்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, ஏனென்றால் சத்தம் உண்மையிலேயே பம்பிலிருந்துதான் வந்தது. புதிய பம்ப் பொருத்திய மூன்றாவது வாரம் அதே முனகல் திரும்பி வந்தபோதுதான், சத்தம் வரும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் வேறாக இருக்கலாம் என்று எனக்கு உறைத்தது.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பொடிப் பொடிக் குமிழிகளோடு வெளிறிய இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. இன்ஜினை நிறுத்தியதும் எண்ணெய் மட்டம் தானாகவே மெல்ல ஒரு விரற்கடை உயர்ந்தது. உள்ளே அழுத்தத்தில் சிக்கியிருந்த காற்று விரிந்தால்தான் அப்படி நடக்கும். அப்படியானால் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது?

டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் பருத்த ஹோஸில் அழுத்தம் கிடையாது. பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பாதை அது. 17 ஆண்டுச் சூட்டில் அதன் முனை இறுகிப்போய், கிளாம்ப் பிடித்திருந்தும் சரியாகக் கவ்வாமல் இருந்தது. இன்ஜின் ஓடும்போது அந்த இடைவெளி வழியே காற்று உள்ளே போகும். ஆனால் நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் வெளியே வருவதில்லை. அதனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, எல்லோரும் "லீக் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். சூடேறியதும் ரப்பர் சற்று இளகி அடைத்துக்கொண்டதால்தான் பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கியிருக்கிறது. இணைப்பைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸ் தடவினேன். முனகல் பாதியாகக் குறைந்தது. ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றியதோடு அது தீர்ந்தது. பழைய பம்ப் நல்ல பம்பாகவே இருந்திருக்க வேண்டும். அதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தது இன்றும் மனதில் உறுத்துகிறது.

ஹோஸ் மாற்றிய பிறகு உடனே இன்ஜினைக் கிளப்பினால் உள்ளே நுழைந்த காற்றைப் பம்ப் கடைந்து நுரையாக்கிவிடும். முன்சக்கரங்களைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, இன்ஜினைக் கிளப்பாமலேயே ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை சுமார் 20 முறை நிதானமாகத் திருப்பி, மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஊற்றி வந்தேன். எந்த எண்ணெய் என்பதை மூடியோ கையேடோ சொல்லும். பல பழைய கார்களுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான எண்ணெய்), சிலவற்றுக்குப் பச்சை நிற ஹைட்ராலிக் எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் கெடும்.

எல்லாச் சத்தமும் இந்த வகை அல்ல. நிறுத்துமிடத்தில் முழுதாகத் திருப்பும்போது கீச்சென்று கேட்டால் அது பெல்ட் வழுக்குவது. கடைசி வரை திருப்பிப் பிடிக்கும்போது வரும் மெல்லிய இரைச்சல் கோளாறே அல்ல, அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறப்பதன் ஒலி. ஆனால் 5 நொடிக்கு மேல் அப்படியே பிடித்திருந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறத் தொடங்கும்.

இரண்டாவது தொல்லை கனம். ஸ்டீயரிங் கனக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது, எப்போது, எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் மட்டும் கனத்து, இன்ஜின் வேகம் ஏறியதும் இலகுவானால் பெல்ட், எண்ணெய் மட்டம், பம்ப் என்ற வரிசையில் சந்தேகிக்கலாம். ஒரே பக்கம் மட்டும் கனத்தால் ரேக்கின், அதாவது முன்சக்கரங்களை இடவலமாகத் தள்ளித் திருப்பும் பல்தண்டுப் பகுதியின், வால்வு அல்லது உள் சீல். என் காரில் இரண்டும் இல்லை. ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடங்களில் இறுகி, இரண்டு இடங்களில் தளர்ந்தது. வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகவில்லை. டயர் காற்றைச் சரிபார்த்தேன், மாற்றமில்லை. சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டுத் திருப்பியபோதும் அதே இறுக்கம் இருந்ததால் ஹைட்ராலிக் பகுதிக்கு இதில் பங்கில்லை என்பது உறுதியானது. ஸ்டீயரிங் தண்டையும் ரேக்கையும் இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டதில் இரண்டு மாதம் சமாளித்தேன். அது தவறான சிக்கனம், ஸ்டீயரிங் ஜாயின்டில் அப்படி விளையாடியிருக்கக் கூடாது. மாற்றும்போது பழைய நிலையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, ஸ்டீயரிங் சுழலாமல் கட்டி வைத்தோம். தண்டு கழன்றிருக்கும்போது ஸ்டீயரிங் சுழன்றுவிட்டால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கம்பி அறுந்துவிடும்.

மூன்றாவது இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. ஆறு மாதத்தில் டப்பாவின் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. இம்முறையும் தரையில் சொட்டு இல்லை. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறைகளை அழுத்திப் பார்த்தேன். வலது உறை உலர்ந்திருந்தது. இடது உறைக்குள் எண்ணெய் சளக்கென்று அசைந்தது. ரேக்கின் இடது முனை சீல் கசிந்து, கசிந்ததெல்லாம் உறைக்குள்ளேயே தேங்கியிருக்கிறது. சீல் மட்டும் மாற்றுவதா, ரேக்கையே மாற்றுவதா என்பதை ரேக்கின் தண்டில் துருக்குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்; குழி இருந்தால் புதிய சீலும் சில மாதங்களில் கிழியும். அடுத்த வாரம் கழற்றுகிறார்கள். அதுவரை டப்பாவில் மார்க்கரால் போட்ட கோட்டைத் தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.