லா தூர் டார்ஜானில மத்தியானச் சாப்பாடு, அப்பாவோட

அப்பா 1988 ல பாரிசுக்கு வந்தவர். வந்து ரெண்டாம் கிழமையே ஒரு றெஸ்ரோரன்ட்டில கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு மெல்ல மெல்ல அடுப்புப் பக்கம் போய், போன வருசம் பென்சன் எடுக்கும்வரைக்கும் முப்பது வருசத்துக்கு மேல பிரெஞ்சுக் குசினியிலயே நிண்ட மனுசன். ஆனா ஒருநாளும் அந்தச் சாப்பாட்டை மேசையில இருந்து, வெள்ளை விரிப்புப் போட்டு, இன்னொருத்தர் கொண்டுவந்து வைக்கச் சாப்பிட்டதில்லை. "அது வேற ஆக்களுக்கு" எண்டு சொல்லிப்போட்டு வீட்ட வந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவார். அதனால பென்சன் எடுத்த உடனேயே நானும் தம்பியும் காசு சேத்து அவரையும் அம்மாவையும் லா தூர் டார்ஜான் எண்ட பழைய பெரிய பிரெஞ்சு றெஸ்ரோரன்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனம். எங்கட ஆக்கள் கனபேர் "அங்க எல்லாம் எங்களுக்குச் சரிவருமோ" எண்டு கேக்கிறவை, அவைக்காகத்தான் கொஞ்சம் நீட்டா எழுதுறன்.

முதல்ல ஒரு விசயம். இதுக்கு முந்தி ரெண்டு வருசத்துக்கு முன்னம், பேர் சொல்ல விரும்பாத வேற ஒரு பெரிய இடத்துக்கு நானும் என்ர மனுசனும் போனனாங்கள். யன்னல் பக்கம் மேசையெல்லாம் காலியாக் கிடக்க எங்களைக் கொண்டுபோய் ரொய்லெற் கதவுக்குப் பக்கத்தில இருத்தினவை, நான் பிரெஞ்சில கேக்கக் கேக்க இங்கிலீசில பதில் சொன்னவை, மச்சம் சாப்பிடாத நாள் எண்டு சொன்னதுக்கு இலைச் சலாட்டும் ரெண்டு துண்டு கரட்டும் வந்தது, பில் மட்டும் குறையேல்ல. அண்டைக்கு வீட்ட வந்து சரியா அழுதனான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அவருக்கும் அப்பிடி நடந்தா என்ன செய்யிறது எண்ட பயத்திலதான் மூண்டு மாசம் யோசிச்சு இடம் பிடிச்சது.

லாகூர்நெவ் பக்கம் இருக்கிற ஆக்களுக்குப் போறது சரியான லேசு. மெற்றோ 7 எடுத்தா நேர போன் மரியில இறங்கலாம், மாறத் தேவையில்லை. அங்க இருந்து ரெண்டு பாலம் கடந்து, இடையில இல் சான் லூயி தீவுக்குள்ளால நடந்து வந்தா, சென் ஆத்தின்ர மற்றக் கரையில மூலையிலயே கட்டடம் நிக்குது. ஆறாம் மாடி. லிஃப்ட் கதவு திறந்து உள்ள போன உடனே அம்மா கதைக்காமல் நிண்டுட்டா, ஏனெண்டால் முழு யன்னலுக்குள்ளயும் நோத்ர் டாம் தேவாலயத்தின்ர பின்பக்கம் தெரியுது, கீழ ஆறு, அதில போட். 2019 சித்திரை மாசம் அது எரிஞ்சதை நாங்கள் ரீவியில பாத்து எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் சாப்பிடேல்ல, இப்ப திருத்தி 2024 மார்கழியில திறந்தாப்பிறகு அந்தப் புதுக் கோபுரம் வெயிலுக்க நிக்கிறதை இந்த உயரத்தில இருந்து பாக்கிறது வேற. அந்த யன்னல் மேசையை புக் பண்ணேக்கயே கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

உடுப்பைப் பற்றிக் கனபேர் கேக்கினம். ஆம்பிளையளுக்குக் கோட் இருந்தா நல்லது, சப்பாத்து மினுக்கிப் போடுங்கோ. அம்மா காஞ்சிபுரம்தான் கட்டினவ, அங்க இருந்த ஆக்களில ஆக வடிவா இருந்தது அவதான், அதைச் சாப்பாடு கொண்டுவந்த பெடியனும் சொன்னவன்.

இனி முக்கியமான விசயம். புக் பண்ணேக்க நான் மூண்டு விசயம் சொன்னனான்: அம்மா மாடு சாப்பிடமாட்டா, அப்பா குடிக்கிறதில்லை, அப்பாதான் விருந்தாளி. பிரெஞ்சுச் சமையலில மாட்டிறைச்சி கோப்பையில தெரிஞ்சாத்தான் மாடு எண்டு நினைக்காதேங்கோ, கனக்கச் சோஸுக்கு அடியில கிடக்கிறது கண்டுக்குட்டி எலும்பை மணிக்கணக்கா அவிச்செடுத்த சாறுதான், மீனுக்குப் போடுற சோஸிலயும் சிலவேளை அது இருக்கும். அப்பா இதை எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறார். "மாடு வேண்டாம்" எண்டு மட்டும் சொன்னாக் காணாது, "சாறும் வேண்டாம்" எண்டு சொல்லவேணும். இங்க ஒவ்வொரு கோப்பை வைக்கேக்கயும் அம்மாவுக்குத் தனியாக் குனிஞ்சு இதில என்ன இருக்கு எண்டு சொன்னவை, அதுவும் ஆறுதலா, பிரெஞ்சு விளங்குற மாதிரி. அப்பாவுக்கு வந்த மெனுவில விலை போடேல்ல. உப்பிடி விருந்தாளிக்கு விலையில்லாத மெனு குடுக்கிறது பழைய பழக்கம், எங்களுக்கு அது பெரிய உதவியாப் போச்சு. விலை தெரிஞ்சிருந்தா அப்பா ஆகக் குறைஞ்சதைப் பாத்து "எனக்கு இது காணும்" எண்டிருப்பார்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். 1582 ல தொடங்கினது எண்டு அவையே சொல்லுவினம். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் வந்தது தாராவால, அதான் வாத்து. அப்ப இதை நடத்தின ஃப்ரெடெரிக் டெலேர் எண்டவர் 1890 ல மேசைக்குப் போற ஒவ்வொரு தாராவுக்கும் நம்பர் போடத் தொடங்கினவர், அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் அந்தக் கணக்கு விடுபடேல்ல. ஜப்பான் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ 1921 ல சாப்பிட்ட தாராவின்ர நம்பர் 53,211. பத்து லட்சமாவது 2003 ல போனது. நல்ல சாப்பாட்டு இடங்களுக்கு நட்சத்திரம் குடுக்கிற மிஷெலின் புத்தகத்தில முந்தி மூண்டு நட்சத்திரம், 1996 ல ஒண்டு போச்சு, 2006 ல இன்னொண்டு போச்சு, இப்ப ஒண்டு. நட்சத்திரத்தைப் பாத்துப் போறவைக்கு பாரிசில மூண்டு நட்சத்திர இடம் வேற இருக்கு, நான் அதுக்காகப் போகேல்ல.

முதல்ல வந்தது கெனெல் எண்டுறது. புரோஷே எண்டு ஒரு ஆத்துமீன், சதை நல்லம், ஆனா முள்ளு கவர் கவராப் பிரிஞ்சு சதைக்குள்ளயே கிடக்கும், எங்கட ஆக்கள் மாதிரி கையால பிச்சுப் பிச்சு எடுக்கலாம், முள்ளுக்கரண்டியால ஏலாது. அதனால சதையை அரைச்சு, வடிச்சு, முட்டையும் கிரீமும் அடிச்சு உருட்டி அவிக்கிறது. வாயில வைச்சாக் கரையுது, மீன் மணம் பிறகுதான் வருது. அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு "இதுக்குள்ள ஒரு பச்சைமிளகாய் வெட்டிப் போட்டிருந்தா" எண்டு தொடங்கினவ, பேந்து தானே "இல்லை, வேண்டாம், மணம் போயிடும்" எண்டா. எனக்கு அது பெரிய சேர்டிபிகேற் மாதிரி.

தாரா ரெண்டு பேருக்கு ஒண்டு. பிரான்சில வான்தே பக்கம் ஷலான் எண்ட இடத்தில வளக்கிற இளந்தாரா, அதைக் கழுத்து வெட்டாமல் கொல்லுறது, ரத்தம் சதைக்குள்ளயே நிக்கவேணும் எண்டு. சிலபேருக்கு இது கேக்கவே ஒரு மாதிரி இருக்கும், அவை இந்தச் சாப்பாட்டை எடுக்காமல் விடுறது நல்லம், மெனுவில மீன் இருக்கு. எங்கட வீட்டில ஆட்டு ரத்த வறை சாப்பிட்டு வளந்த ஆக்கள், எங்களுக்கு அதில ஒண்டுமில்லை. கொஞ்ச நேரம் மட்டும் வாட்டி, உள்ள சிவப்பாவே இருக்கேக்க முழுசா வெளிய கொண்டுவந்து காட்டினம். பிறகு கறுப்பு உடுப்புப் போட்ட ஒருத்தர், இதுக்கெண்டே பழகின ஆள், எங்கட கண்ணுக்கு முன்னால நெஞ்சுப் பக்கத்தை மெல்லிசாச் சீவி எடுத்து, காலைக் கழட்டிக் குசினிக்கு அனுப்பிப்போட்டு, மிச்ச எலும்புக்கூட்டை வெட்டி அந்த மெஷினுக்குள்ள போட்டார்.

அந்த மெஷினைச் சொல்லவேணும். வெள்ளி மாதிரி மினுங்குற ஒரு உருளை, மேல ஒரு பெரிய சில்லுப் பிடி, கீழ தாரா வாயளவு ஒரு சின்னக் குழாய். சில்லைச் சுத்தச் சுத்த உள்ள இருக்கிற எலும்பு நெரியிற சத்தம் கேக்குது, கறுமுறு எண்டு இல்லை, ஈர விறகு முறியிற மாதிரி ஒரு அடங்கின சத்தம், பிறகு குழாயால கருஞ்சிவப்பாச் சாறு இறங்குது, முதல்ல சொட்டுச் சொட்டா, பேந்து நூல் மாதிரி. அதோட மசிச்ச ஈரல், கொன்யாக் பிராண்டி, மதெய்ரா வைன், தாரா எலும்பு அவிச்ச தண்ணி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி எல்லாம் சேத்து, சின்ன அடுப்பில வைச்சு இருபது நிமிசத்துக்கு மேல கிண்டினார். கையே நிக்கேல்ல. அப்பா கதிரையை இழுத்துப் போட்டு அதையே பாத்துக்கொண்டிருந்தார், யன்னலுக்க நோத்ர் டாம் நிக்குது, அவர் அந்தப் பக்கம் திரும்பேல்ல. "ரத்தம் கொதிச்சாத் திரைஞ்சுபோம், அதுதான் கையை எடுக்கிறாரில்லை" எண்டு எங்களுக்குத் தமிழில சொன்னவர். பிறகு அந்த ஆளிட்டப் பிரெஞ்சில, முதல்ல ஈரலைப் போடுறீங்களோ, சாறையோ எண்டு ஏதோ கேட்டார். அவர் கரண்டியை விடாமல், அப்பாவைப் பாத்து "நீங்கள் தொழில் ஆளோ" எண்டு கேட்டார். அப்பா ஓம் எண்டார். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் கதைச்ச கதையில பாதி எனக்கு விளங்கேல்ல, எல்லாம் குசினிப் பிரெஞ்சு. நான் அப்பாவை வேலையிடத்தில ஒருநாளும் பாத்ததில்லை, அண்டைக்குத்தான் கண்டன்.

சோஸ் கடைசியில கோப்பிக்கும் கறுப்புச் சொக்லேற்றுக்கும் இடைப்பட்ட நிறம். ருசி சரியான கனதி, ஈரல் கசப்பு ஒரு துளி, பின்னால தேசிக்காய் வந்து அதைத் தூக்கி நிறுத்துது. இறைச்சியைவிடச் சோஸுக்குத்தான் காசு, அதை நான் இப்ப நம்புறன். எல்லாருக்கும் பிடிக்கும் எண்டு சொல்லமாட்டன், தம்பிக்கு நாலு துண்டோட போதும் எண்டாச்சு. அவனுக்குப் பிடிச்சது பக்கத்தில வாற பொம் சூஃப்லே, காத்து நிரப்பின மாதிரி ஊதி நிக்கிற உருளைக்கிழங்கு. கிட்டத்தட்ட மூண்டு மில்லிமீற்றர் மொத்தத்தில ஒரே அளவா வெட்டி, முதல்ல சூடு குறைஞ்ச எண்ணெயில பொரிச்செடுத்து, ஆறவைச்சு, பிறகு நல்ல கொதி எண்ணெயில போட்டா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி ரெண்டு பக்கத் தோலையும் தள்ளி ஊதும். பத்து போட்டா ரெண்டு மூண்டு ஊதாது, அதை எறியவேணும் எண்டு அப்பா சொன்னார். கோப்பையில வந்தது எல்லாம் ஊதினதுதான். தாராக் காலைப் பிறகு நெருப்பில சுட்டு, ரெண்டாவது கோப்பையாக் கொண்டுவருவினம், அது எங்களுக்குப் பழகின ருசி, அம்மா அதை எலும்போட முடிச்சவ, ஒருத்தரும் ஒரு மாதிரிப் பாக்கேல்ல.

வைன் புத்தகம் 400 பக்கம், எட்டுக் கிலோ வரும், மூண்டு லட்சம் போத்தல் கீழ கிடக்காம். 1940 ல ஜெர்மன்காரன் உள்ள வரமுதல் நல்ல போத்தல் எல்லாத்தையும் சுவர் கட்டி மறைச்சவை. எங்களுக்கு அதால பிரயோசனம் இல்லை, நான் ஒரு கிளாஸ்தான் எடுத்தது. குடிக்காத ஆக்கள் கூச்சப்படத் தேவையில்லை. பிரான்சில குழாய்த் தண்ணி கேட்டாக் காசில்லாமல் தரவேணும், அது சட்டம், எவ்வளவு பெரிய இடமெண்டாலும் சரி. அதே மாதிரி சேவைக் காசு விலைக்குள்ளயே இருக்கு, ரிப்ஸ் குடுக்காட்டி ஒருத்தரும் முகம் சுளிக்க ஏலாது. நாங்கள் விரும்பிக் குடுத்தனாங்கள்.

சீஸும் இனிப்பும் நல்லம், ஆனா அதுக்குள்ள வயிறு நிரம்பிட்டுது, வடிவாச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பாணைப் பற்றிச் சொல்லலாம். மேலோடு மொறுமொறுப்பு, உள்ள புளிப்பு மணம், பட்டரில உப்புக்கல் கடிபடுது. இவையின்ர பாண்கடை பக்கத்திலயே கார்டினல் லெமொவான் தெருவில இருக்கு, மேல சாப்பிட வசதியில்லாத ஆக்கள் அங்க ஒரு பாணாவது வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கோ. பாண் எண்டதும் அப்பா, 2023 ல பாரிசின்ர பாகெற் (நீட்டுப் பாண்) போட்டியில முதல் பரிசை எங்கட தர்ஷன் செல்வராஜா எடுத்த கதையைப் பெடியனுக்குச் சொல்லத் தொடங்கிட்டார். அவனுக்கு ஏற்கெனவே தெரியுமாம். அந்தப் பரிசால ஒரு வருசம் ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளையின்ர பாண் போனது எண்டதை அப்பா அந்த மேசையில இருந்து சொல்லேக்க குரல் கொஞ்சம் உயந்துதான் இருந்தது, நான் தடுக்கேல்ல.

காசு. மத்தியானமெண்டாலும் ஆளுக்கு மூண்டு இலக்கத் தொகைதான், இரவெண்டால் அதின்ர ரெண்டு மடங்குக்கு மேல போகும், தாரா எடுத்தா வேற. விலை மாறிக்கொண்டிருக்கும், அவையின்ர இணையப் பக்கத்தில பாத்திட்டுப் புக் பண்ணுங்கோ. எங்களுக்கு இது பத்து வருசத்தில ஒருக்காச் செய்யிற செலவு, பிறந்தநாள் ஹோல் எடுத்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு குடுக்கிறதை விட்டுட்டு இதைச் செய்தனாங்கள், திருப்பியும் செய்வன். மத்தியானமே போங்கோ, வெளிச்சத்தில ஆறும் கோயிலும் தெரியும், மூண்டு மணித்தியாலம் எடுக்கும், அவசரப்படுத்தினவை இல்லை. சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, அவைக்கும் பாவம், உங்களுக்கும் ஒண்டும் ருசிக்காது.

போகேக்க தாரா நம்பர் போட்ட ஒரு அட்டை தருவினம். எங்களது பதினொரு லட்சத்துச் சொச்சம். அப்பா அதைப் பேர்சுக்குள்ள வதிவிட அட்டைக்குப் பின்னால வைச்சிருக்கிறார், தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில ஆரையும் கண்டா எடுத்துக் காட்டுறார், சோஸ் எப்பிடிக் கிண்டினது எண்டும் சொல்லுறார்.

சித்தி அடுத்த மாசம் ரொறன்ரோவில இருந்து வாறா, மச்சம் தொடாதவ. மத்தியானத்துக்கு மூண்டு பேருக்கு மேசை கேட்டு, மரக்கறி மட்டும், எலும்புச் சாறும் வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறன். என்ன வருது எண்டு சாப்பிட்டுட்டு வந்து சொல்லுறன்.