பாக்கெட் டையா, மருதாணி அவுரியா?

பத்து வருஷமாகப் பாக்கெட் டைதான் போட்டுவந்தேன். அரை மணி நேரம், இரண்டு மக் தண்ணீர், தலை கருகரு. விலை, வேகம், நிறம் மூன்றிலும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரமும் போட்டேன். அன்று ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை காது மடலில் நீர் கசிகிறது, இமை வீங்கிக் கண் திறக்கவில்லை. தலையில் என்னவோ லேசான அரிப்புதான். அம்மா பழியை முதல்நாள் தின்ற இறால் மேல் போட்டாள்.

தோல் டாக்டர் பார்த்ததும் டைதான் என்றார். அதிலுள்ள பாராபினைலின்டயமின், சுருக்கமாக பிபிடி, செய்த வேலை. வருஷக்கணக்கில் ஒத்துக்கொண்டது திடீரென்று ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் இருக்கும். 48 மணி நேரம் முன்பு கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லி பாக்கெட்டிலேயே எழுதியிருக்கிறது. யார் படித்தோம்?

அடுத்து கண்ணில் பட்டது 'அம்மோனியா இல்லாத' டை. அம்மோனியா மூக்கை எரிப்பது, பிபிடி வேறு. அம்மோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம். பிபிடிக்குப் பதில் டொலுயீன் டயமின் சேர்த்த டைகளும் உண்டு, ஆனால் பிபிடி ஆகாதவர்களில் பலருக்கு அதுவும் ஆகாது. நான் தொட்டுப் பார்க்கவில்லை.

கடைசியில் பெங்களூரு அல்சூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் மருதாணிப் பொடியும், நீலச் சாயம் தரும் அவுரி இலைப் பொடியும் வாங்கினேன். இங்கேதான் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். சுத்தமான மருதாணி நரையை ஆரஞ்சாக்கும், கருப்பாக்காது. 'கருப்பு மருதாணி, ஒரே பூச்சு, அரை மணி நேரம்' என்று எந்தப் பாக்கெட்டாவது சொன்னால், பெரும்பாலும் அதற்குள் உட்கார்ந்திருப்பது அதே பிபிடி. 'ஹெர்பல்' என்று இலைப் படம் போட்டிருந்தாலும் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். வெறும் இலைப் பொடியையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்த்த பிறகே தலைக்குப் போனேன்.

மெனக்கெடல் அதிகம்தான். முதலில் மருதாணி, மூன்று மணி நேரம். அலசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குழைத்த அவுரி, இன்னும் ஒன்றரை மணி நேரம். மூன்று வாரத்தில் வகிடு வெளுத்துவிடும். எட்டு மாதத்தில் எனக்குத் தடிப்பு எதுவும் வரவில்லை. இன்னும் ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் உறுதியாகச் சொல்வேன்.

அவுரி முழுசாகக் கறுக்க ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அதுவரை தலை பச்சையடிக்கும். ஞாயிற்றுக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை ஆபீஸ் போய் ஒருமுறை பட்டாயிற்று. இப்போதெல்லாம் வெள்ளி ராத்திரியே உட்கார்ந்துவிடுகிறேன்.