பெங்களூரில் தடுப்பூசி: எந்த ஊசிக்கு எந்த இடம்?

கைக்குழந்தைக்கு ஊசி என்றதும் பெங்களூரில் பலர் நேராகப் பெரிய தனியார் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறார்கள். தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகளுக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்தான் எங்கள் முதல் பரிந்துரை. காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லாவுக்கான எம்.ஆர். எல்லாம் இலவசம். தனியாரில் ஒரு டோஸுக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பி.சி.வி. என்ற நிமோனியா தடுப்பூசியும் ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையாக இங்கே காசில்லாமல் கிடைக்கிறது.

கிழமை மட்டும் முக்கியம். ஊசி போடும் நாள் தமிழ்நாட்டில் புதன் என்றால் இங்கே பெரும்பாலும் வியாழன். வேறு நாளில் போனால் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. பி.சி.ஜி.யும் எம்.ஆரும் ஒரே குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்தாக வரும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டியதுதான். ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்கத் தயங்குவார்கள். பென்டாவேலன்ட் அப்படியல்ல. முறையாக வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். உங்கள் தெரு ஆஷா பணியாளரின் எண்ணை வாங்கி, முந்தின நாளே கேட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

எந்த இடமானாலும் காத்திருக்கும் அறையின் அழகைப் பார்க்காதீர்கள், குப்பியைப் பாருங்கள். அரசு குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் சின்னச் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து சூடுபடவில்லை. இரண்டும் ஒரே நிறமாகிவிட்டாலோ, சதுரம் அதிகம் கறுத்திருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மருந்து உறைந்து போனதை இந்த அடையாளம் காட்டாது. பென்டாவேலன்ட், டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஊசி), ஹெபடைடிஸ் பி (கல்லீரல் அழற்சி ஊசி) மூன்றும் ஒருமுறை உறைந்தால் வீண். 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜில், அதுவும் ஃபிரீசரை ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் சின்ன கிளினிக்குகளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெடிக்கல் ஷாப்பில் ஊசி மருந்தை வாங்கிக் கையில் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகும் பழக்கமும் வேண்டாம். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வருவது இயல்பு. எதுவும் தடவக் கூடாது.

தாய் வீட்டில் பிரசவம் முடித்து, சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ குழந்தையுடன் திரும்புகிறவர்கள் அங்கே கொடுத்த அட்டையை மறக்காமல் கொண்டு வர வேண்டும். இங்கே கர்நாடக அரசின் தாய்-சேய் அட்டையான தாயி கார்டிலும், அரசின் தடுப்பூசிப் பதிவுக்கான யூ-வின் தளத்திலும் பதிந்து கொள்ளலாம். யூ-வினில் கைபேசி எண் கொடுத்துப் பதிந்தால் சான்றிதழையும் இறக்கிக்கொள்ளலாம். இடையில் ஒரு தவணை விட்டுப்போயிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து போட வேண்டியதில்லை. "லேட் ஆயிடுச்சு, திட்டுவாங்க" என்று போகாமலே இருந்துவிடுவதுதான் பெரிய இழப்பு.

தனியாரிடம் போக வேண்டியது அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகளுக்கு. அரசு எம்.ஆர். ஊசி தட்டம்மையையும் ரூபெல்லாவையும் தடுக்கும், பொன்னுக்கு வீங்கியைத் தடுக்காது. அதற்கு எம்.எம்.ஆர். வேண்டும். சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, ஃப்ளூ ஊசிகளும் இந்தக் கணக்கில் வரும். பென்டாவேலன்ட், டி.பி.டி. ஊசிகளுக்குப் பதிலாகத் தனியாரில் 'வலியில்லாத ஊசி' என்று விற்பதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு என்பது உண்மை. அதற்காக அரசு ஊசி தரும் பாதுகாப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். போனில் கேட்கும்போது மருந்தின் விலையோடு டாக்டர் கட்டணம், ஊசி போடும் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் அட்டையில் ஏறியாக வேண்டும். இடையில் அரசு நிலையத்துக்கு மாறினால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

பெரியவர்களுக்கு நிலைமை மோசம். கர்ப்பிணிகளுக்கான டெட்டனஸ்-டிப்தீரியா (Td) ஊசி தவிர அரசு நிலையத்தில் கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். பெரிய தனியார் மருத்துவமனைகளின் பொது மருத்துவப் பிரிவில் கேட்பதே சுலபம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கான அக்கித் தடுப்பூசி இரண்டு தவணை. பல இடங்களில் சொன்ன பிறகுதான் வரவழைப்பார்கள், அதனால் முன்பே பேசிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கான மஞ்சள் காய்ச்சல் ஊசி மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சான்றிதழ் பத்து நாள் கழித்தே செல்லுபடியாகும், டிக்கெட் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

நாய் கடித்தால் கிழமை பார்க்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, பௌரிங், கே.சி. ஜெனரல் போன்ற பெரிய அரசு மருத்துவமனைக்கே போங்கள். ரத்தம் வந்த கடிக்கு ஊசியோடு, ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். சின்ன கிளினிக்கில் அது இருக்காது. தோலில் போடும் முறையில் ஊசி 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேரும். எந்த முறையில் தொடங்கினார்களோ அதிலேயே முடியுங்கள்.