பிரெஞ்சு நண்பர்கள் வீட்டு கிறிஸ்துமஸுக்கு: கிராக்கரா, புட்டிங்கா?
பிரிட்டிஷ் வழக்கம் ஒண்ண பிரெஞ்சு ஃப்ரெண்ட்ஸ் மேசைக்கு கொண்டுபோகணும்னா என் ஓட்டு கிராக்கருக்குத்தான். மிட்டாய் மாதிரி ரெண்டு முனையும் முறுக்கின காகிதக் குழாய் அது; ஆளுக்கொரு முனைய பிடிச்சு இழுத்தா டப்புனு வெடிக்கும், உள்ள காகிதக் கிரீடம், குட்டிப் பரிசு, ஒரு கடி ஜோக். ஜனவரி 6 ஒட்டி கலெட் தெ ருவாங்கிற பண்டிகை கேக்க வெட்டும்போது அவங்களும் கிரீடம் வைக்கிறவங்கதானே, கூச்சமே இருக்காது. வெடிமருந்து இருக்கறதால ரயில், பிளைட் விதிய மட்டும் முன்னாடியே பாத்துக்கோங்க.

உலர்பழம், கொழுப்பு சேர்த்து வேகவைக்கிற கிறிஸ்துமஸ் புட்டிங் ரொம்ப கனம். டிசம்பர் 24 ராத்திரி சிப்பி, ஃபுவா க்ரா (கொழுக்க வச்ச வாத்து ஈரல்) எல்லாம் முடிச்சு புஷ் தெ நோயெல் கேக்கும் காத்திருக்கும்போது இது எங்க இறங்கும்? ஆனா லைட்ட அணைச்சு, பிராந்தி ஊத்தி கொளுத்தி, நீல நெருப்போட கொண்டுவர்ற அழகு இருக்கே, அது கிராக்கர்ல வராது. மாட்டுக்கொழுப்பு போட்டத பிரிட்டன்ல இருந்து பிரான்ஸுக்குள்ள விடமாட்டாங்க, தாவரக் கொழுப்புல செஞ்சத வாங்குங்க, சின்ன சைஸ் போதும்.