ஹாம் றேடியோவில (அமெச்சூர் வானொலியில) கொம்பியூட்டரால செய்தி அனுப்புற முறையளில எஃப்டி8 நல்லமோ, வாரா நல்லமோ?
எஃப்டி8 எண்டா சிக்னல் 50 ஹேர்ட்ஸ் அகலந்தான், 7.074 மெகாஹேர்ட்ஸில 3 கிலோஹேர்ட்ஸுக்குள்ளயே கனபேர் நெருக்கி நிண்டு அனுப்பலாம், மாங்குளத்தில பனைக்கும் வேப்பமரத்துக்கும் இடையில வயர் கட்டி கார் பற்றரியில 5 வொட்ஸ் விட்டாலும் தூரத்தில ஆரோ டிகோட் பண்ணுவினம். ஆனா 15 செக்கனுக்கு ஒருக்கா கோல்சைன் (நிலையத்தின்ர அடையாளப் பேர்), சிக்னல் றிப்போட், அவ்வளவுதான். சும்மா எழுதினா 13 எழுத்து, அதுவும் தமிழ் போகாது. வெள்ளத்தில போன் ரவர் விழுந்தா முகாம் ஆக்களின்ர பட்டியலை அதில எப்பிடி அனுப்புறது?

வாரா எச்எஃப் (சிற்றலைக்கான வாரா) 2300 ஹேர்ட்ஸ் அகலம், ஈமெயிலே போகும், பிழைச்ச துண்டைத் திருப்பிக் கேட்டு வாங்கும். ஆனா ஒராள் ஏறினா ஒழுங்கையை மறிச்சு றைக்ரர் விட்ட மாதிரித்தான், மற்றாக்கள் நிக்கவேண்டியான். அவசரத்துக்கு என்ர ஓட்டு வாராவுக்குத்தான். மற்ற நேரம் அதில 500 ஹேர்ட்ஸ் மோட் கிடக்கு, அதைப் போடுங்கோவன்.