கிளிநொச்சி ஏ9 வீதி வீல் எலைன்மென்ட் கடை: ஸ்டியரிங் ராக்கின் நடுவில் இருந்து தொடங்குகிறவர்கள்

வீட்டு முற்றத்தில் வைத்து முன்சில்லு வேலை செய்தவர்கள் அடுத்ததாக, சில்லுகளின் கோணத்தைச் சரிபார்க்க, வாகனத்தைக் கொண்டுபோக வேண்டிய இடம் இதுதான். கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், ஏ9 வீதியோரமாக இருக்கிறது. ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். குறைத்த ஒன்று வேலைக்காக இல்லை.

என்னுடையது மாருதி அல்டோ 800. தருமபுரத்தில் இருந்து முல்லைத்தீவில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வருகிறேன். வழியில் வட்டுவாகல் பாலம். ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம், ஓரமெல்லாம் உடைந்து கிடங்கு கிடங்காகக் கிடக்கும். எதிரே பஸ் காத்துநின்றால் கிடங்கை வெட்டி ஓட்டவும் முடியாது, அதில் இறங்கி ஏறத்தான் வேண்டும். முன்பக்கச் சொக் இரண்டும் எண்ணெய் கசிந்து, வலப்பக்க டை ரொட் எண்டும் (ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொடுக்கும் தடியின் முனை) ஆடத் தொடங்கியது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து எங்கள் பக்கத்தில் எல்லாரும் இருக்கிற வாகனத்தைத்தான் திருத்தித் திருத்தி ஓடுகிறோம். 2025 இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் விலையைக் கேட்டால் பழைய வாகனமே போதும் என்றுதான் தோன்றுகிறது.

தம்பி மத்திய கிழக்கில் கராஜில் வேலை செய்து வந்தவன். மாமரத்துக்குக் கீழே ஜக்கியும் ஸ்டாண்டும் வைத்து அவனே எல்லாவற்றையும் மாற்றினான். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணி, புதியதையும் அதே சுற்றுக்கு ஏற்றினான். புது ஸ்பிளிட் பின் போட்டான், லொக் நட்டை வடிவாக இறுக்கினான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் நேர் றோட்டில் போகும்போது ஸ்டியரிங் வலப்பக்கம் சரிந்து நின்றது.

இது யார் செய்தாலும் வரும். புது எண்ட் பழையதன் நீளத்தோடு மயிரிழை பிசகாமல் ஒத்துவர வேண்டும் என்றில்லை. டை ரொட்டின் புரி ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடத்தான் நகரும். ஆனால் சில்லில் அது தள்ளுகிற இரும்புக் கை குட்டை, ரயர் பெரிது. அதனால் ரயரின் விளிம்பில் அதுவே பல மில்லிமீற்றராகிவிடும். சொக்கிலும் இதே கதைதான். அதைச் சில்லுப் பக்கத்தோடு பூட்டும் இரண்டு போல்ட்டுக்கும் துளையில் சிறு இடைவெளி உண்டு. கழற்றிப் பூட்டும்போது சில்லின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்துவிடும். கேம்பர் என்பது இந்தச் சாய்வுதான். கேம்பர் மாறினால் டோவும், அதாவது முன்சில்லுகள் நேரே பார்க்கிற கோணமும், சேர்ந்து மாறும். கண்ணால் பார்த்தோ நூல் கட்டியோ இதை ஓரளவுக்குத்தான் பிடிக்கலாம். எலைன்மென்ட் கட்டாயம் பார் என்று தம்பியே சொன்னான்.

முதலில் கிட்ட இருந்த வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே டோவை ஏதோ சரிசெய்தார்கள். ஸ்டியரிங் அப்போதும் சரிந்து நின்றதால் அதையே கழற்றி, பல்லு மாற்றி நேராகப் பூட்டித் தந்துவிட்டார்கள். பார்க்க நேர்தான். ஆனால் வலப்பக்கம் திரும்பி முடித்த பிறகும் சிக்னல் தானாக நிற்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் வலப்பக்கம் வெட்டித் திருப்ப முன்பைவிடக் கூட இடம் தேவைப்பட்டது. முன் ரயரைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கியது, மற்றப் பக்கம் வாள்பல்லைப்போல் பிடித்தது. டோ பிழைத்த ரயர் அப்படித்தான் தேயும்.

பிறகுதான் இந்தக் கடைக்கு வந்தேன். மெஷின் பக்கம் போவதற்கு முன்பே கடையில் பொறுப்பாக நின்றவர் கேட்டது: "ரீச்சர், கடைசியா என்னென்ன கழட்டினீங்கள்?" லோவர் ஆமில், அதாவது சில்லைக் கீழ்ப்பக்கத்தில் தாங்கும் இரும்பில், கை வைத்தோமா என்றும் கேட்டார். அதன் புஷ் போல்ட்டைச் சில்லு தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று கெதியாகக் கிழியும், வாகனத்தை நிலத்தில் இறக்கிவிட்டுத்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும் என்றார். நாங்கள் அதைத் தொடவில்லை. அப்புறம் நான்கு ரயருக்கும் காற்றைச் சரிசெய்து, வாகனத்தை உயர்த்தி, சில்லை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அதில் ஆட்டம் இருந்தால் டை ரொட் அல்லது ராக், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டை ரொட்டுகளைப் பக்கவாட்டில் தள்ளும் பல்லுத்தண்டு. பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். அதில் இருந்தால் போல் ஜொயின்ட் (லோவர் ஆமைச் சில்லுப் பக்கத்தோடு சேர்க்கும் மூட்டு) அல்லது சில்லின் பெயாரிங். ஆட்டம் உள்ள வாகனத்தை இவர்கள் மெஷினில் ஏற்றுவதே இல்லை. எனக்கு முன்னால் நின்ற வான்காரரையும் போல் ஜொயின்ட் மாற்றிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருகிற காசை வேண்டாம் என்று சொல்லும் கடையை நான் மதிக்கிறேன்.

ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் முட்டத் திருப்பினார், பிறகு இடப்பக்கம். இடப்பக்கம் கிட்டத்தட்டக் கால் சுற்றுக் கூடப் போனது. "இதை ஆரோ கழட்டிப் பூட்டியிருக்கினம் ரீச்சர். ராக் நடுவில இல்லை" என்றார். ராக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்டியரிங்கை அதன் பழைய இடத்திலேயே பூட்டி, அசையாமல் தடி கொடுத்து நிறுத்தினார். எயார்பாக் உள்ள வாகனத்தில் ஸ்டியரிங்கைக் கண்டபடி கழற்றிப் பூட்டினால் உள்ளே இருக்கும் சுருள் வயரும் அறுந்துவிடுமாம்.

அதற்குப் பிறகுதான் நான்கு சில்லிலும் மெஷின் அளவெடுப்பதற்கான தட்டுகளைக் கொழுவி, வாகனத்தைக் கொஞ்சம் பின்னே தள்ளி முன்னே உருட்டி அளவெடுத்தார்கள். திரையில் முன்பக்க டோ இரண்டும் சிவப்பு. டை ரொட்டைத் திருப்புவதற்கு முன் ராக்கின் ரப்பர் உறையில் இருந்த கிளிப்பைத் தளர்த்தி, உறை முறுகாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் திருப்பினார். உறை முறுகிக் கிழிந்தால் எங்கள் ஊர்ப் புழுதியும் மாரித் தண்ணீரும் உள்ளே போய் ராக்கையே தின்றுவிடும். இவ்வளவு பார்த்துச் செய்கிறவரை நான் வேறெங்கும் காணவில்லை. ஒரு பக்க ரொட்டை நீட்டி மற்றதைச் சுருக்கினார். அல்டோவில் கேம்பருக்கென்று தனித் திருகு கிடையாது. சொக் போல்ட்டைத் தளர்த்தி, சில்லின் மேல்பக்கத்தைக் கையால் தள்ளிப் பிடித்து, அந்தச் சிறு இடைவெளிக்குள்ளேயே இரண்டு பக்கத்தையும் ஒப்பாக்கினார்.

பரந்தன் பக்கம் ஓட்டிக்காட்ட என்னையும் கூட்டிப்போனார். தண்ணீர் வடிவதற்காக றோட்டே ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் பிடியைத் தளர்த்தினால் மெல்ல இடப்பக்கம் போவது குறையில்லை என்று விளக்கினார். ஒரே பக்கம் பலமாக இழுத்தால் முன் ரயர் இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், இழுவையும் பக்கம் மாறினால் பிழை ரயரில்தான். மணிக்கு 80 கிலோமீற்றரில் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் பலன்சிங் கோளாறு, அதாவது சில்லின் பாரம் சுற்றிவரச் சமமாக இல்லாதது, அதற்கு எலைன்மென்ட் செய்து பயனில்லை. சிக்னல் இப்போது தானாக நிற்கிறது, பள்ளிக்கூட வாசலில் பழையபடி ஒரே வெட்டில் திருப்புகிறேன். வாள்பல்லாய்த் தேய்ந்த ரயர் மட்டும் திரும்பி வராது. அதைப் பின்னால் போட்டுத் தந்திருக்கிறார்கள், இன்னும் ஊளையிடுகிறது.

எலைன்மென்டுக்கு 3,000 ரூபாய். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைத் தாளில் அச்சடித்துத் தந்தார்கள். பலன்சிங்குக்குத் தனிக் காசு, அதை வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருக்கலாம். நட்சத்திரத்தைக் குறைத்தது இதற்காக: மலசலகூடம் பூட்டிக் கிடக்கிறது, திறப்பை உள்ளே நிற்கிற ஆண்களிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். வெயிலுக்கு ஒதுங்க இரண்டு கதிரைதான், அதிலும் எப்போதும் ஆட்கள். இப்போது எத்தனையோ பெண்கள் தனியாக வாகனம் ஓடி வருகிறோம். திறப்பை வாசலில் ஓர் ஆணியில் கொழுவி விட்டாலே போதும்.

போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிருங்கள், வான்கள் வரிசையில் நிற்கும். என்னென்ன பாகம் மாற்றினீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மின்வெட்டு நேரத்தில் மெஷின் ஓடாது, புறப்படும் முன் ஒருக்கால் அழைத்துக் கேளுங்கள்.